ஐவகை அணையும் ஒரு போர்வையும்

“இலவு காத்த கிளி” என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் இலர். காய் கனியும் கனியுமென்று காத்திருந்த கிளிக்கு ஈற்றில் வாய்த்தது காற்றிற் பறந்த பஞ்சு. கிளியின் ஏமாற்றத்தை எடுத்துப் பேசும் நாம், அந்தப் பஞ்சைப் பொறுக்கித் தலையணை செய்து உறங்கும் மனிதனைப்பற்றிப் பேசுவதில்லை. கிளிக்கு உதவாதது நமக்கு உதவிற்று. அந்தப் பஞ்சைப் பற்றியும், அதனையொட்டி எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகின்றேன். வழக்கு என்றவுடன் காணி வழக்கென்றோ எல்லைவேலி வழக்கென்றோ வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இது ஒரு போர்வை வழக்கு.

என் மகள் 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரிற் சூழலியல் படிப்பதற்காகப் பயணமானாள். ஓர் ஆசிரியனின் சம்பளத்தில் நிறைவேறக்கூடிய காரியமன்று அது. புலமைப்பரிசில் ஒரு பாதியைத் தாங்கிற்று. இலண்டனில் வாழும் என் மைத்துனர் மறு பாதியைத் தாங்கினார். எங்கள் பங்குக்கு எஞ்சியது பெட்டி கட்டும் வேலை ஒன்றே. அந்தப் பெட்டியிலே தம் கைப்பட ஆக்கிய பொருளொன்றை வைத்துவிட வேண்டுமென்று 72 வயதான என் தாயார் ஆசைப்பட்டார்.

எங்கள் வளவின் பின்புறத்திலே, கிணற்றுக்கு அப்பால், ஓர் இலவமரம் நிற்கின்றது. இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளிலே காய்கள் முற்றி வெடிக்கும் காலம் வந்துவிட்டால், அம்மாவுக்கு வேறு வேலை ஓடாது. விழுந்த காய்களைப் பொறுக்கி உடைப்பார். கறுத்த விதைகளைப் பிரித்து அகற்றுவார். பஞ்சைப் பாயிலே பரப்பி, காற்று அள்ளிப் போகாதபடி மேலே பழஞ்சேலை ஒன்றை விரித்துக் கட்டி வெயிலிலே காயவிடுவார். இரண்டு மூன்று நாள் வீடெங்கும் பஞ்சு பறக்கும். என் மனைவியின் தும்மலும் உடன் பறக்கும். அந்த ஆண்டு இறங்கிய பஞ்சு முழுவதையும் ஒரு பருத்தித் துணிக்குள் அடைத்து, பஞ்சு ஒரு மூலையில் ஒதுங்காதபடி கட்டங்கட்டமாகத் தையலிட்டு, பேர்த்தியின் குளிருக்கென்று ஒரு போர்வை ஆக்கினார்.

இலவம் பஞ்சின் இயல்பை மாணாக்கர் அறிந்துகொள்ளுதல் நன்று. இதன் இழை உள்ளே கூடானது. நுண்ணிய குழாய் போன்ற அவ்விழையின் பெரும் பகுதி காற்றே. புறத்திலோ மெழுகு போன்றதொரு பூச்சு இயற்கையாகவே படிந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. இக்காரணம் பற்றியே, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள்ளே இப்பஞ்சைத் திணித்தனர். வழுவழுப்பு மிக்கதாதலின் பருத்தியைப் போல இதனை எளிதில் நூலாக நூற்க முடியாது. நெசவுக்கு உதவாத இப்பஞ்சு உறக்கத்துக்கு உதவுகின்றது. குறையும் ஒன்று உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல இழை ஒடிந்து தூளாகும், அமுங்கிக் கட்டியாகும். வெயிலிற் போட்டுத் தட்டித் தட்டியே அதன் ஆயுளை நீட்டிக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் அம்மாவின் போர்வை விமானம் ஏறவில்லை. நிறையிற் குறைவான அப்பொருள் இடத்தில் மிகப் பெரிதாய் இருந்தது. அதனைப் பெட்டியில் வைத்து மூடியை அமுக்கியபோது, வேறொன்றுக்கும் இடமில்லாமற் போயிற்று.

“அப்பம்மா, இதை வைச்சால் என்ரை உடுப்பும் புத்தகமும் எங்கை வைக்கிறது?” என்றாள் மகள், தயங்கித் தயங்கி.

அம்மா போர்வையைத் தாமே வெளியே எடுத்தார். “சரி பிள்ளை, அங்கை போய் ஒண்டு வாங்கிக்கொள். ஆனால் ஒரு சொல்லு. உயிரைக் கொன்று எடுத்ததை மட்டும் போர்த்துக்கொண்டு படுக்காதை.”

“ஓம் அப்பம்மா” என்றாள் அவள். பயண அவசரத்திற் கொடுத்த அந்த ஒரு சொல் எவ்வளவு பாரமுடையதென்பதை அன்று எவரும் உணரவில்லை.

ஒக்டோபர் மாத நடுவில் இலண்டனிலிருந்து மைத்துனரின் மனைவி பேசினார். பிள்ளையைப் பார்க்க லீட்ஸ் சென்று திரும்பியிருந்தார். “அண்ணை, உங்கடை பிள்ளை கோட்டும் காலுறையும் போட்டுக்கொண்டல்லோ படுக்கிறாள்! ஒரு மெல்லிய போர்வைதான் கிடக்கு. நான் வாங்கித் தாறனெண்டாலும் வேண்டாமாம். தான் பார்த்து வாங்குவாளாம்.” என் மனைவி அன்று இரவு உண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகள் கடையில் நின்றபடியே கைபேசியில் எங்களை அழைத்தாள். திரையிலே, அடுக்கடுக்காகப் போர்வைகள் தெரிந்தன. அங்குள்ளோர் அவற்றை ‘டூவே’ என்று வழங்குவர். நம் நாட்டுக் கம்பளி போல நெய்யப்பட்டதன்று அது. மெத்தையைப் போல உறைக்குள் ஏதேனுமொன்றைத் திணித்துத் தைத்தது. அதன் வெம்மையை ‘டொக்’ என்னும் அளவாற் குறிப்பர். கோடைக்கு 4.5, இடைக்காலத்துக்கு 10.5, கடுங்குளிருக்கு 13.5 என்பது வழக்கு. போர்வை தானாக வெம்மையைத் தருவதில்லை. நம் உடல் வெம்மையையே தன்னுட் சிறைப்பட்ட காற்றினாற் காத்து நமக்குத் திருப்பித் தருகின்றது. ஆகவே, எந்தப் பொருள் மிகுந்த காற்றைப் பிடித்து வைக்கின்றதோ அதுவே நல்ல திணிபொருள்.

“இது நாலாந்தரம் நான் இந்தக் கடைக்கு வாறது. ஒவ்வொரு தரமும் வெறுங்கையோடை திரும்பிப் போறன். அப்பம்மாவையும் கூப்பிடுங்கோ அப்பா” என்றாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் அருகில் வந்தமர்ந்தார்.

தமிழாசிரியனுக்கு எதைக் கண்டாலும் ஏடு நினைவுக்கு வருதல் இயல்பு. நம் முன்னோர் பஞ்சசயனம் என்று ஐவகை அணையைக் கூறியிருக்கின்றனர். அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்பன அவை. நான் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி, மாணாக்கர் மனனஞ்செய்து மறக்கும் பட்டியல் இது. அது பதினாயிரம் கிலோமீற்றருக்கு உட்பட்ட ஓர் அயல்நாட்டுக் கடையிலே, விலைச்சீட்டோடு, என் மகளின் முன்னே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தூவியும் இருந்தது, பருத்தியும் இருந்தது, ஆட்டு மயிரும் இருந்தது. பட்டு புதிதாகச் சேர்ந்திருந்தது. இலவம்பஞ்சை மட்டும் அங்கே காணோம்.

முதலில் தூவி. வாத்தின் மார்பிலே, புறத்து இறகின் கீழ், காம்பில்லாமல் முளைக்கும் மென்மயிர் அது. காற்றைப் பிடித்து வைப்பதில் அதற்கு நிகர் அரிது. சிறு பொதியாகச் சுருட்டலாம், விட்டவுடன் மலரும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே, வாடை வீசும் கூதிர்கால இரவில் அரசி கிடந்த கட்டிலின் அணையும் அன்னத்தின் தூவியால் ஆயதே. ஆனால் இன்றைக்குச் சந்தையில் வரும் தூவியிற் பெரும்பகுதி, இறைச்சிக்காக வளர்த்துக் கொல்லப்படும் வாத்துகளினின்று கிடைப்பது. உயிரோடிருக்கும்போதே பிடுங்கும் கொடுமையும் சிலவிடங்களில் நிகழ்ந்ததுண்டு. அப்படிச் செய்யவில்லையென்று சான்றுச் சீட்டு ஒட்டி விற்பதே அதற்குச் சாட்சி.

“மயில் குளிரிலை நடுங்குதெண்டு போர்வையைக் குடுத்தவன் எங்கடை பேகன். இவங்கள் போர்வைக்காகப் பறவையை உரிக்கிறாங்கள்” என்றார் அம்மா. என்னிடம் கேட்ட கதையை என்னைவிடப் பொருத்தமாக எடுத்தாண்டார்.

“கொல்லாமல் எடுக்கிற தூவியும் இருக்கு அப்பம்மா” என்றாள் மகள். ஐஸ்லாந்துக் கரையோரங்களில் ஈடர் என்றொரு கடல்வாத்து உண்டு. பெட்டை தன் மார்புத் தூவியைத் தானே உதிர்த்துக் கூட்டில் மெத்தையாக்கி முட்டையை மூடும். கரையோரத்துக் குடியானவர் அப்பறவைகளை நரி முதலிய பகைகளினின்று காத்து, கூட்டின் தூவியைக் கையாற் சேர்ப்பர். ஒரு கூட்டிலே கிடைப்பது ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் வரையே. அம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்ப அதை வாங்கு பிள்ளை!” விலை ஆயிரக்கணக்கான பவுண் என்று மகள் சொன்னதும் மலர்ந்த முகம் கூம்பிற்று. அறத்துக்கும் விலைச்சீட்டு உண்டென்பதை அன்றுதான் என் தாயார் கண்டார்.

அடுத்தது பருத்தி. பாவமில்லை, பழியுமில்லை. ஆயின் அது எளிதில் அமுங்கும். வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி மெல்லவே உலரும். எங்கள் ஊர் மார்கழிக்கு அது தாராளம். லீட்ஸ் நகரத்துத் தை மாதத்துக்குப் பருத்தி மட்டும் போதுமாவென்று மகள் ஐயுற்றாள். எண்ணெயினின்று பிறக்கும் செயற்கை இழைப் போர்வைகளும் மலிவாகக் குவிந்திருந்தன. அவளோடு படிக்கும் மாணவர் பலர் அவற்றையே வாங்கினர். “அது பிளாஸ்ரிக் அப்பா. ரெண்டு மூண்டு வருசத்திலை எறிவினம், மண்ணிலை உக்காது. நான் படிக்கிற படிப்புக்கு அதைப் போர்த்துக்கொண்டு படுத்தால் நித்திரை வராது” என்றாள். பாட்டிக்கு ஒரு நெறி, பேர்த்திக்கு ஒரு நெறி. இரண்டுக்கும் நடுவிலே குளிர்.

நான் இடைமறித்து, “அப்ப பட்டைப் பாரன் பிள்ளை. மெல்லிசாயும் இருக்கும், சூடாயும் இருக்கும்” என்றேன்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, தான் வகுப்பில் அறிந்ததைச் சொன்னாள். பட்டுப்புழு தன்னைச் சுற்றி நூற்கும் கூடு அறாத ஒரே இழையால் ஆயது. நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீற்றரையும் எட்டக்கூடியது. விட்டில் கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆகவே அது வெளிவருமுன் கொதிநீராலோ ஆவியாலோ உள்ளேயே கொன்றுவிடுகின்றனர். விட்டில் போனபின் எடுக்கும் பட்டும் இல்லாமலில்லை, அது சிறுபான்மை. “ஒரு பட்டுச்சேலைக்கு ஆயிரக்கணக்கிலை புழு வேணும் அப்பா.”

அம்மா எழுந்து உள்ளே சென்றுவிட்டார். “அப்பம்மாவுக்குக் கோபமே?” என்று மகள் பதறினாள். நான் ஏதோ சமாதானம் கூறிப் பேச்சை முடித்தேன். அன்றும் அவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

மாலையில் நான் அறைக்குட் சென்றபோது, அம்மா தம் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, கூறைச்சேலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அரக்கு நிறம் மங்கி, சரிகை கறுத்து, மடிப்பெல்லாம் இற்றுப்போன சேலை. அதன் ஓரத்திலே சேற்றுக்கறை ஒன்று உண்டு. அக்கறையின் வரலாறு எனக்குத் தெரியும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தோம். அப்போது எனக்கு வயது 15. என் தங்கைக்கு 6. வீதி முழுவதும் மனிதர். மழை பெய்தது. அடி எடுத்து வைக்க ஒரு நாழிகை, நிற்க ஒரு நாழிகையென்று நகர்ந்தோம். தங்கைக்குத் தொய்வு. நனைந்து நடுங்கி மூச்சிழுத்த பிள்ளைக்குப் போர்க்க உலர்ந்த துணி ஒன்றுமில்லை. அம்மா கைப்பையின் அடியிலே பத்திரமாக மடித்து வைத்திருந்த கூறையை எடுத்து, இரண்டாக மடித்து, அவளைச் சுற்றிப் போர்த்தார். சிறிது நேரத்தில் நடுக்கம் தணிந்தது. விடியும்வரை ஒரு பாடசாலையின் விறாந்தையிலே அந்தப் பட்டுக்குள் என் தங்கை உறங்கினாள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் மெத்தையுமில்லை, தலையணையுமில்லை. பழைய இலவமரமும் இல்லை. இப்போது நிற்பது அதன் பின்பு நட்டது.

“இதுக்குள்ளை எத்தனை ஆயிரம் உயிர் போயிருக்கு தம்பி? ஒருநாளும் நினைக்கேல்லையே நான்” என்றார் அம்மா. “மச்சம் தொடாத வீடெண்டு பெருமை பேசினன். கோயிலுக்கும் இதைத்தானே உடுத்துக்கொண்டு போனன்.”

நான் ஆறுதலாக, “அறியாமற் செய்தது பாவமோ அம்மா?” என்றேன்.

“அறிஞ்சிருந்தாலும் அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் போர்த்திருப்பன்” என்றார். சற்று நேரங் கழித்து மீண்டும் பேசினார்: “நான் சொன்ன ஒரு சொல்லாலை, இந்தப் பிள்ளை மூண்டு நாலு கிழமையாய்க் குளிருக்கை கிடந்திருக்கு. நடுங்கிற பிள்ளைக்கு உடனை போர்த்தவள் நான். இப்ப நானே ஒரு பிள்ளையை நடுங்க விட்டிட்டன். அதையும் கணக்கிலை வைக்கத்தானே வேணும்?”

திருக்குறளிலே கொல்லாமை ஓர் அதிகாரம். இருபது ஆண்டாக அதனைக் கற்பித்து வருகின்றேன். என் தாயார் அன்று கேட்ட வினாவை எந்த மாணாக்கனும் என்னிடம் கேட்டதில்லை. நோன்பு நமக்கு நாம் இட்டுக்கொள்ளும் அளவு. அதனைப் பிறர்மேல் ஏற்றி, அவர் குளிரை நாம் அறியாதிருந்தால், அந்நோன்பிற் குறையொன்று புகுந்துவிடுகின்றது. இதனை என் பட்டம் எனக்குக் கற்பிக்கவில்லை.

மறுநாட் காலை, அங்கே பொழுது விடியும்வரைகூடப் பொறுக்காமல் அம்மா பேர்த்தியை அழைப்பித்தார். “பிள்ளை, நான் சொன்ன சொல்லை விட்டிடு. உனக்கு எது சூடோ அதை வாங்கு. தூவியெண்டாலும் சரி.”

பேர்த்தியோ விடுவதாயில்லை. அதற்குள் அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எஞ்சி நின்றது ஆட்டு மயிர். ஆண்டுக்கொருமுறை, கோடையின் தொடக்கத்திலே, செம்மறியின் மயிரைக் கத்தரிக்கின்றனர். வெட்டினால் மீண்டும் வளரும். வெட்டாமல் விட்டால் ஆட்டுக்கே துன்பம். அம்மயிர் தன் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாய்த் தோன்றாது. ஆகவே வியர்வையும் குளிர்வதில்லை. லீட்ஸ் நகரமோ பண்டு கம்பளி வாணிகத்தாற் செழித்தது. அந்நகரச் சின்னத்திலேயே ஆட்டுத்தோல் ஒன்று தொங்குகின்றது. காலம் மாறிவிட்டது. 2020 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிற் கம்பளி விலை வீழ்ந்து, குடியானவர் பலர்க்குக் கத்தரிக்கும் கூலிக்குக்கூடப் போதாமற் போயிற்று.

“ஆனால் ஒண்டு சொல்லோணும் அப்பம்மா. அந்த ஆட்டையும் கடைசியிலை இறைச்சிக்குத்தான் குடுப்பினம்” என்று உண்மையை ஒளிக்காமற் சொன்னாள்.

அம்மா சிரித்தார். “அப்பிடிப் பார்த்தால் நான் பாலும் குடிக்கேலாது, மோரும் குடிக்கேலாது. மாட்டின்ரை கதியும் எனக்குத் தெரியும் பிள்ளை. முழுக்கப் பாவமில்லாமல் ஒருத்தரும் போர்த்துப் படுக்கேலாது போலை. குறைஞ்சதாய்ப் பார்த்து எடு. நேரத்துக்கு எடு.”

அன்று பிற்பகலே அவள் ஆட்டு மயிர் திணித்த டூவே ஒன்றை வாங்கினாள். விலை நம் பணத்திற் சிறிதன்று. மாமியின் கைக்காசும் அதிற் கொஞ்சம் சேர்ந்தது. சற்றுப் பாரமானதென்றும், மழையில் நனைந்த ஆட்டைப்போல முதலிரண்டு நாள் ஒரு வாடை இருந்ததென்றும் பின்பு கூறினாள். பல ஆண்டுகள் உழைக்குமாம். இடையிடையே காற்றாட விரித்தாற் போதுமாம். உக்கினால் மண்ணோடு மண்ணாகுமென்பது அவளுக்குப் பெருநிம்மதி.

அம்மா செய்த இலவம்பஞ்சுப் போர்வை வீணாகவில்லை. அதனைப் பிரித்து இரண்டு தலையணை ஆக்கினார். ஒன்றுக்குத் தம் பழைய பருத்திச் சேலையில் உறை தைத்து, மார்கழியிற் புறப்பட்ட அயலவர் ஒருவரின் பெட்டியில் எப்படியோ திணித்து அனுப்பிவைத்தார். மற்றையது என் தலைமாட்டில் இருக்கின்றது. கூறைச்சேலை மீண்டும் தகரப் பெட்டிக்குட் போயிற்று. அதனை எறியவுமில்லை, அதன்பின் உடுக்கவுமில்லை.

புதிய போர்வை வாங்கிய மறுநாட் காலை நாங்கள் அழைத்தபோது மகள் விடையளிக்கவில்லை. மணி பல கடந்தன. என் மனைவி கலங்கினாள். ஈற்றில் அங்கே நண்பகலாகும் வேளையில் அவளே அழைத்தாள். தலை கலைந்திருந்தது, கன்னத்திலே உறையின் மடிப்பு வரி பதிந்திருந்தது. “அப்பா, கோவிக்காதேங்கோ. நல்லாய் நித்திரை கொண்டிட்டன். காலமை விரிவுரை ரெண்டும் போச்சு.”

இருபது ஆண்டாக வரவுப் புத்தகம் எடுத்துக்கொண்டிருக்கும் நான் கண்டிக்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

“படு பிள்ளை” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் படு.”